வரிசை எட்டு, குழாய் பதினொன்று

நவம்பர் 4, செவ்வாய். கள்ளக்குறிச்சி

நவம்பர் மாதத்தில் போய் டைரி கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். தேதியை நானே போட்டுக்கொள்கிறேன்.

இருபத்தேழு வருட வேலையில் நான் டைரி எழுதியவன் அல்ல. இப்போது எழுதக் காரணம் உண்டு. லேப்டாப்பில் நான் ஒன்று எழுதி வைத்தால் மறுநாள் அது வேறொன்றாக இருக்கிறது. இது நாலைந்து மாதமாக நடக்கிறது. பேனாவால் எழுதியதை ஒருவரும் மாற்ற முடியாது, பார்ப்போம்.

நான் ஊர் ஊராகப் போய் பாய்லர் குழாய்களின் தடிமன் பார்க்கிறவன். கரும்பு அரவை தொடங்கும் முன் ஆலைகள் எங்களைக் கூப்பிடும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் போட்ட குழாய் சூட்டிலும் சாம்பலிலும் வருடா வருடம் தேயும். மூன்றரைக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் நெருப்பு வைத்தால் என்றைக்காவது குழாய் பிளந்து, எதிரே நிற்கிற ஆள் வெந்துபோவான். கேஜ் என்று ஒரு கைக்கருவி இருக்கிறது. அதைக் குழாய் மேல் வைத்தால் சின்னக் கண்ணாடியில் எண் வரும். நான் எண்ணைச் சொல்ல, ஆலை ஆள் அதைக் குழாயிலேயே சாக்பீஸால் எழுதுவார். கேஜும் சாக்பீஸ் எழுத்தும் ஒன்றாக விழும்படி செல்போனில் படம் எடுப்பேன். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் சாயங்காலம் லாட்ஜுக்கு வந்தபின் ஆரம்பிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் வரிசை, குழாய், அளவு என்று பெயர் வைத்து, அந்தந்த வரிசையின் ஃபோல்டரில் போட்டு, அலுவலகத்துக்கு ஏற்ற வேண்டும். கோயம்புத்தூர் அலுவலகத்தில் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா கொண்டுவந்த முறை இது. ஒரு நாளைக்கு நூற்று இருபது படம். நாமகரணம் செய்தே நான் ஓய்ந்துபோகிறேன்.

இன்று வரிசை மூன்று முடிந்தது. எல்லாவற்றையும் சரியாகப் போட்டேன். சாட்சிக்கு இங்கே எழுதுகிறேன்: வரிசை மூன்று.

நவம்பர் 5, புதன்

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் மூன்றாம் ஃபோல்டர் காலி. படங்கள் எல்லாம் எட்டாம் ஃபோல்டரில் கிடக்கின்றன. எட்டாம் வரிசையை நான் இன்னும் தொடவே இல்லை. குளித்துவிட்டு வந்து சரிசெய்யலாம் என்று விட்டேன். ஆலைக்குப் போய்த் திறந்தால் அவை தாமாகவே மூன்றுக்குத் திரும்பியிருந்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாட்ஜ் இணையத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

என் மனைவி பூங்கொடி போன் செய்தாள்.

"ஏனுங்க, கண்ணு டாக்டர்கிட்ட டோக்கன் போடட்டுங்களா?"

"சீசன் முடியட்டும். இப்ப என்ன அவசரம்?"

"ஆடி மாசத்துலயும் இதையேதானுங்க சொன்னீங்க."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை. ஆனால் வேலை நேரத்தில் இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று வரிசை எட்டு. உலை வாயிலுக்கு நேர் எதிரே இருக்கும் வரிசை. கரும்புச் சக்கை வந்து விழுந்து எரிகிற இடம் அதுதான், தேய்மானமும் அங்கேதான் அதிகம். உள்ளே இருட்டு. டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது. இந்தக் கேஜ்காரர்களுக்கு எண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன கெட்டுப்போகும்?

சாக்பீஸ் பிடிக்கிறவர் பெயர் ஏழுமலை. இந்த ஆலையில் பதினெட்டு வருடமாக பாய்லர் ஓட்டுகிறார். கை சுத்தம், எழுத்து முத்து முத்தாக, உள்ளங்கை அகலத்துக்கு வரும். அவர் எழுதினால் பத்தடி தள்ளி நின்றும் படிக்கலாம்.

பதினொன்றாம் குழாயில் வைத்ததும் "மூணு புள்ளி எட்டு" என்றேன். ஏழுமலை எழுதாமல் நின்றார்.

"என்னா சார், போன வருசமே மூணு புள்ளி ஏழுதான இருந்துச்சு? இப்ப எப்பிடி ஏறிச்சு?"

"போன வருசம் பாத்தவங்க கேஜ் சரியில்லாம இருந்திருக்கும்."

"கொஞ்சம் காட்டு சார், நானும் பாக்கறேன்."

"எழுதறது உங்க வேலைங்க. படிக்கிறது என் வேலை."

கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் எழுதினார். பன்னிரண்டும் பதினான்கும் அதே 3.8. மூன்றும் தேறிவிட்டன.

நவம்பர் 7, வெள்ளி

லாட்ஜில் பல்பை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். இதுவும் மங்கல்தான்.

நவம்பர் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

இன்று காலை எட்டாம் ஃபோல்டரைத் திறந்தேன். (திரை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். திரைக்கு நான்கு ஃபைல் பெயர்தான் தெரிகிறது. பரவாயில்லை, நிதானமாகப் பார்க்கலாம்.) பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு, மூன்றிலும் நான் 3.8 என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது 3.3, 3.3, 3.1 என்று இருக்கிறது. படத்தைத் திறந்தேன். ஏழுமலையின் சாக்பீஸ் எழுத்து பளிச்சென்று 3.8. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஃபைல் பெயரை யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் இடம் ஒன்று இருப்பதாகப் பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. தேடிப் பிடித்தேன். மூன்றுக்கும் எதிரே ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா. மேலே தள்ளிக்கொண்டே போனேன். மூன்றாம் வரிசைப் படங்களை இடம் மாற்றியதும் அவள். போன மாதம் கரூரில், அதற்கு முன் சத்தியமங்கலத்தில். எங்கு போனாலும் என் பின்னாலேயே வந்து ஏதாவது ஒன்றை மாற்றியிருக்கிறாள்.

எதற்காக? இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் பாய்லர் படம் எது, தொட்டி படம் எது என்று உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னை மறதிக்காரன் ஆக்கி, வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாளா? அவளை அப்படிப்பட்டவளாக நினைக்க முடியவில்லை. வேறு எப்படி நினைப்பது என்றும் தெரியவில்லை. 

எட்டாம் வரிசைப் படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பெயர்களைப் பழையபடி மாற்றி, அலுவலக ஃபோல்டரிலிருந்து அழித்துவிட்டேன். இனி என் ஃபைல் என் சட்டைப் பையில்.

நவம்பர் 9, ஞாயிறு

பத்து மணிக்கு ஜெசிந்தா அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகிற நேரம்.

"சார், வரிசை எட்டு ஃபோல்டரைக் காணோமுங்க."

"என்கிட்ட பத்திரமா இருக்கும்மா."

"ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடி ஒருக்கா நான் பாத்தறணுங்க சார்."

"இருபத்தேழு வருசமா யாரும் பாக்காமத்தான் போச்சு."

 பிறகு, "ஒண்ணு சொல்லட்டுங்களா சார்? தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

நவம்பர் 10, திங்கள்

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, ஆலையின் தலைமைப் பொறியாளர் சடகோபனிடம் நேரில் கொடுத்தேன். மாற்ற வேண்டிய குழாய் ஒன்றுமில்லை. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வியாழக்கிழமை காலைல பூஜை போட்டு நெருப்பு வெச்சிடலாம் சார். வெட்டின கரும்பு வந்து நிக்குது, விவசாயிங்க என் உயிரை எடுக்கறாங்க."

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டும்போது விரலை வைத்துக் காட்டினார். எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுவார் போலிருக்கிறது. கிளம்பும்போது ஒரு பை சர்க்கரை கொடுத்தார்கள். பதினான்கு வருடச் சர்க்கரை நோயாளிக்கு. லாட்ஜ் மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய். திருவண்ணாமலை

இங்கே ஒரு பால் பண்ணையில் அடுத்த வேலை. கள்ளக்குறிச்சியில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "பெரியவரே, இது திருச்சி போற வண்டி, போர்டு பாக்கலியா?" என்றார். போர்டில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். தியாகதுருகத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். அரை நாள் போனது. அதிலும் எனக்கு ஐம்பத்தைந்துதான், பெரியவர் என்கிறான்.

இந்த நோட்டில் கோடுகளை ஒழுங்காகப் போடவில்லை. எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது. இனி ஒரு கோடு விட்டு எழுத வேண்டும்.

நவம்பர் 12, புதன்

ஜெசிந்தாவிடமிருந்து வாட்ஸப்பில் நீளமாக ஏதோ வந்திருக்கிறது. படிக்கவில்லை. கீழே ஒரு குரல் பதிவும் இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் எதையும் மாற்றக் கூடாது.

காலை ஆறரைக்கு டீக்கடையில் உட்கார்ந்து குரல் பதிவைப் போட்டேன்.

"சார், நேத்துத்தான் ஆலைல இருந்து சொன்னாங்க, ரிப்போர்ட் குடுத்துட்டீங்கன்னு. ஜூலைல இருந்து நாப்பத்தொரு ஃபைல்ல பேர் மாத்தி வெச்சிருக்கறனுங்க. உங்களுக்குத் தெரியாமப் பண்ணது தப்புத்தான். முதலாளிகிட்டச் சொன்னா உங்களை வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு நானே திருத்திட்டு இருந்தேன். இந்தத் தடவை வரிசை எட்டுல மூணு படத்துக்குக் காப்பி என்கிட்ட இருக்குதுங்க. சாக்பீஸ்ல மூணு புள்ளி எட்டு. கேஜ்ல ரெண்டுல மூணு புள்ளி மூணு, ஒண்ணுல மூணு புள்ளி ஒண்ணு. என்னை நம்ப வேண்டாம் சார். பக்கத்துல யார்கிட்டயாவது படத்தைக் காட்டுங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் நானே ஆலைக்குச் சொல்லிருவனுங்க. உங்களை விட்டுட்டுச் சொல்றதுக்கு எனக்கு மனசு வரல."

படத்தைத் திறந்தேன். சாக்பீஸ் எழுத்துக்குப் பக்கத்தில் கேஜ் கண்ணாடி. அதை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். பெரிதாகப் பெரிதாக சாம்பல் நிறப் புகை மாதிரி கலைந்துபோயிற்று. கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டினேன்.

"இந்தப் பொட்டில என்ன நம்பருங்க?"

எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு புள்ளி மூணு" என்றார், டீ ஆற்றுவதை நிறுத்தாமலே.

"எட்டு இல்லீங்களே?"

"எட்டு பக்கத்துல சாக்பீஸ்ல கீது. பொட்டில மூணுதான்."

அடுத்த படம். மூணு புள்ளி மூணு. அடுத்தது. "இது மூணு புள்ளி ஒண்ணு" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். 

சடகோபனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஆலைத் தொலைபேசியில் மணி அடித்து ஓய்ந்தது. எல்லோரும் பூஜையில் இருப்பார்கள். ஏழுமலையோடு நான்கு நாள் உலைக்குள் கிடந்தேன், அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"நீங்க சொன்னது சரிம்மா. ஆலைக்கு அடிச்சுக்கிட்டே இருங்க, யாராவது எடுப்பாங்க. நான் நேர்ல போறேன்."

"சரிங்க சார்" என்றாள். அழுகிற குரல்.

வாடகைக் கார் பிடித்தேன். வழியெல்லாம் சடகோபனின் எண்ணை அழுத்திக்கொண்டே போனேன். ஒன்றரை மணி நேரம் முழுக்க ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடியது. ஏழு மணிக்கு நெருப்பு வைத்தால் முதல் நான்கு மணி நேரம் அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். பதினொரு மணிக்குமேல் வேகமாக ஏற்றுவார்கள். கேஜின் கண்ணாடிதான் மங்கல் என்று ஒரு தடவை நினைத்தேன். அப்படியானால் டீக்கடை அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? இதற்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் திருக்கோவிலூர் வரைக்கும் வேறு பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேரும்போது ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம். பாய்லர் வாசலில் மாலை, உடைத்த பூசணிக்காய். உலைக்குள் சக்கை திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. எட்டாம் வரிசைக்கு நேர் எதிரே, உலை வாயிலில் இரண்டு அடி தள்ளி, ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம். என்னைப் பார்த்ததும், "வா சார், பொங்கல் சாப்புட்டியா?" என்றார்.

"ஏழுமலை, அந்த இடத்தை விட்டு வாங்க" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சடகோபன் ஓடி வந்தார். ஆலை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். எனக்குச் சொல்வதற்கு இரண்டு வழி இருந்தது. கேஜ் பழுது என்று சொல்லலாம். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், நெருப்பையும் அணைத்துவிடுவார்கள். வரும் வழியில் அந்த வாக்கியத்தைத் தயார் செய்தும் வைத்திருந்தேன். ஆனால் கேஜ் பழுது என்றால் நாளை இன்னொரு கேஜைக் கொடுத்து இன்னொரு ஆலைக்கு என்னையே அனுப்புவார்கள்.

"நெருப்பை இழுங்க சார். எட்டாம் வரிசைல மூணு குழாய் தேறாது. நான் தப்பா படிச்சுட்டேன்."

"நீங்கதான சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க. கேஜ்ல வர்ற நம்பர் தெரியறதில்லை. அதை மறைச்சுட்டேன்."

 சடகோபன் திரும்பி, சக்கை போடுவதை நிறுத்தச் சொன்னார். அழுத்தம் அப்போது ஆறு கிலோ. முழுதாக ஏறினால் நாற்பத்தைந்து.

நவம்பர் 14, வெள்ளி

பாய்லர் ஆறுகிறது. கரும்பு வண்டிகள் கேட் வரைக்கும் நிற்கின்றன.  முதலாளி போனில் ஒரே வாக்கியம் பேசினார்: "முடிச்சுட்டு ஆபீஸ் வாங்க."

நவம்பர் 15, சனி

மதியம் உலைக்குள் இறங்கினோம். கேஜை நான் பிடித்தேன். ஏழுமலை படித்தார். பதினொன்று, மூணு புள்ளி மூணு. பன்னிரண்டு, மூணு புள்ளி மூணு. பதினான்கு, மூணு புள்ளி ஒண்ணு. ஒவ்வொன்றிலும் பழைய எண்ணை உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். மற்ற வரிசைகளையும் முதலிலிருந்து பார்த்தோம். இன்னும் இரண்டு குழாய் அகப்பட்டன. மொத்தம் ஐந்து மாற்ற வேண்டும்.

வேலை முடிந்து வெளியே வந்து கை கழுவும்போது ஏழுமலை கேட்டார்.

"சார், அன்னிக்கு கேஜைக் காட்டுன்னு கேட்டேன். ஏன் சார் காட்டல?"

"காட்டியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எது சார்?"

"எனக்குத் தெரியலைங்கறது."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். "அந்த எடத்துலதான் சார் நான் தெனம் எட்டு மணி நேரம் நிக்கறன்" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். சரி சார் என்றார். அந்தச் 'சரி'க்கு அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று பொருளா என்று எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய். கோயம்புத்தூர்

இந்தப் பக்கத்தை நான் சொல்லச் சொல்ல எழுதுவது பூங்கொடி.

நேற்றுக் கண் டாக்டரைப் பார்த்தோம். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக் குழாய் கசிந்திருக்கிறது. வலது கண்ணுக்கு ஊசியும் லேசரும் கொடுத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். இடது கண்ணுக்கு நேரம் கடந்துவிட்டது. ஐந்தாறு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டையும் பார்த்திருக்கலாம் என்றார். 

முதலாளி எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். ஜெசிந்தா நாற்பத்தொரு ஃபைல்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறாள். மறைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அவளும் தனியாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டாளாம். எனக்காக அவளுக்கு இது தேவையா? ஜூலைக்கு முன் நான் பார்த்த ஆலைகளையும் மறுபடி பார்க்கச் சொல்லி என் கடிதத்தில் எழுத வேண்டும்.

கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். 'ஐயா, சமீப காலமாக எனக்கு ஏற்பட்ட குழப்பத்தினால்' என்றேன். பூங்கொடி எழுதாமல் இருந்தாள்.

"என்ன?"

"குழப்பம்னு எழுதட்டுங்களா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எப்ப இருந்துங்க தெரியல?"

"மாசி மாசம்" என்றேன். "காலண்டர்ல தேதி கிழிக்கறப்ப முதல்ல தெரிஞ்சுது."

"ஆடில நான் கேட்டப்போ நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"என் மூஞ்சி?"

இதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க, மாசில இருந்தே எழுதறேன்" என்றாள்.